தொட்டில் வழியாக வந்த ஆபத்து

உலகத்தில் சில நாடுகளை மலை காக்கிறது, சில நாடுகளைக் கடல் காக்கிறது, இன்னும் சிலவற்றைக் காசைக் கொட்டி வாங்கிய பீரங்கி காக்கிறது. இந்தக் கதை நடந்த நாட்டைக் காத்தது வர்த்தக அமைச்சகத்தின் மூன்றாவது மாடியில், கழிவறைக்கு அடுத்த அறையில் இயங்கிய ஒரு பிரிவு. 'செயற்கை நுண்ணறிவில் அந்நிய முதலீட்டைத் தேசப் பாதுகாப்புக் கண்கொண்டு பரிசீலிக்கும் பிரிவு' என்பது அதன் முழுப்பெயர். பெயர்ப் பலகை கதவைவிட நீண்டுவிட்டதால் பின்பாதி கழிவறைச் சுவர்மேல் தொடர்ந்தது. 'பரிசீலிக்கும் பிரிவு' என்ற பாதியை மட்டும் படித்துவிட்டுக் கோப்போடு கழிவறைக்குள் நுழைந்தவர்கள் உண்டு. சிலர் அங்கேயே வேலை சீக்கிரம் முடிந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பிரிவு பிறந்த விதம் பெருமைக்குரியது. வெளிநாடு போன அமைச்சருக்கு ஓர் இயந்திரம் தேநீர் கொண்டுவந்து கொடுத்துக் குனிந்து வணங்கியது. வணக்கம் வைத்த எதுவும் பின்னால் எதையாவது கேட்காமல் போனதில்லை என்பது அமைச்சரின் அரசியல் அனுபவம். திரும்பி வந்ததும் சட்டம் போட்டார். சட்டத்தில் செயற்கை நுண்ணறிவு என்றால் என்ன என்று எழுத வேண்டியிருந்தது. 'மனிதர் எவரும் யோசிக்காமலே முடிவெடுக்கும் அமைப்பு' என்று முதலில் எழுதினார்கள். அப்படியானால் அமைச்சகமே சட்டத்துக்குள் வந்துவிடும் என்று சட்ட அதிகாரி எச்சரித்ததால், 'மின்சாரத்தால் இயங்கும்' என்ற சொற்களைச் சேர்த்து அமைச்சகத்தைக் காப்பாற்றினார்கள்.

பிரிவின் தலைவருக்கு அலுவலகத்தில் 'நிலுவை சார்' என்று பெயர். முடிவெடுத்த கோப்பு தப்பாகப் போகலாம், நிலுவையில் இருக்கும் கோப்பு ஒருநாளும் தப்பாகப் போனதில்லை என்பது அவர் தம் பணிக்காலத்தில் கண்டறிந்த உண்மை. லஞ்சம் வாங்காதவர். சிபாரிசுக்கு மசியாதவர். நல்லவர் கெட்டவர் பார்க்காமல் எல்லாருடைய மனுவையும் ஒரே மாதிரி தாமதப்படுத்தியவர். இப்படிப்பட்ட நடுநிலையாளருக்குச் சோதனை வீட்டுக்குள்ளிருந்தே வந்தது.

அவருக்கு ஒரே மகள். மகளும் மாப்பிள்ளையும் மெத்தைக் கடை மாடியில் ஓர் அறை எடுத்து, ஏழெட்டு இளைஞர்களை வைத்துக்கொண்டு, கணினியில் வேலை பார்த்தார்கள். கீழே பஞ்சடித்தால் மேலே கணினிக்கு நரைத்துவிடும். பேத்தி பிறந்த புதிதில், அவள் எதற்கு அழுகிறாள் என்பதில் வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். நிலுவை சாரின் மனைவி பசி என்றாள். மாப்பிள்ளை ஈரம் என்றான். நிலுவை சார், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். இந்தக் குழப்பத்தில்தான் மகளுக்கு யோசனை உதித்தது. ஆயிரக்கணக்கான குழந்தைகளின் அழுகையைப் பெற்றோரிடம் கேட்டு வாங்கிக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தாள். இப்போது தொட்டில் பக்கத்தில் கைப்பேசியை வைத்தால் போதும். குழந்தை அழுததும் அது 'பசி' என்றோ, 'தூக்கம்' என்றோ, 'வயிற்று வலி' என்றோ சொல்லிவிடும். பெரும்பாலும் சரியாகச் சொன்னது. வெளியில் சொல்லிக்கொள்வதற்கில்லை, தாத்தாவைவிட எப்போதும் சரியாகச் சொன்னது.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மகள் சொன்னாள். "அப்பா, தொட்டில் கம்பெனிக்காரங்க ஒத்துக்கிட்டாங்க. எங்க கம்பெனியில பணம் போடறாங்க. அவங்க விக்கிற ஒவ்வொரு தொட்டில்லயும் இதை வைக்கப் போறாங்களாம்."

"எந்த ஊர்க் கம்பெனி?"

"வெளிநாடுப்பா."

நிலுவை சாரின் கை தட்டிலேயே நின்றது. "வெளிநாட்டுப் பணம்னா அது அந்நிய முதலீடு. மெஷினே கண்டுபிடிச்சுச் சொன்னா அது செயற்கை நுண்ணறிவு. ரெண்டும் ஒண்ணா வந்தா…"

"உங்க பிரிவு. தெரியும்ப்பா, மனு நேத்தே போட்டாச்சு."

"அப்ப ஒரு கவலையும் இல்ல," என்றாள் மனைவி. "காலையில போனதும் கையெழுத்தப் போட்டுட்டு வாங்க. வரும்போது பாப்பாவுக்கு ஒரு குல்லா வாங்கிட்டு வாங்க."

"கையெழுத்துங்கறது அப்படி எடுத்தோம் போட்டோம்னு போடறதில்லம்மா."

"தெரியும். கடைசியா நீங்க தாமதம் பண்ணாம கையெழுத்துப் போட்டது நம்ம கல்யாணத்துலதான்."

அதையும் கொஞ்சம் பரிசீலித்திருக்கலாம் என்று நிலுவை சாருக்குத் தோன்றியது. ஆனால் சில கருத்துகளை நிலுவையில் வைப்பதுதான் குடும்பத்துக்குப் பாதுகாப்பு.

"அப்பா," என்றாள் மகள், இம்முறை சிரிக்காமல். "கணினிக்கு வாடகை குடுக்கவே இனிமே எங்ககிட்ட இல்ல. இது வரலேன்னா பசங்களை வீட்டுக்கு அனுப்பணும். நீங்க எனக்காக எதையும் பண்ண வேண்டாம். சீக்கிரம் பாருங்க, அது போதும்."

சீக்கிரம் என்ற சொல்லைத் தவிர மற்றதெல்லாம் நிலுவை சாருக்குப் புரிந்தது.

மனுக்களைச் சேர்ப்பது பிரிவின் வேலை. முடிவெடுப்பது உயர்நிலைக் குழுவின் வேலை. குழுவின் தலைவர், பல துறைகளில் பெரிய பதவி வகித்து ஓய்வுபெற்றவர். ஓய்வு பெற்றது பதவியிலிருந்துதான், பேச்சிலிருந்து அல்ல. பாதுகாப்புத் துறையின் சார்பில் முன்னாள் படை அதிகாரி ஒருவர் இருந்தார். மீசை முன்னால் வர அவர் பின்னால் வருவார் என்பதால் 'மீசை' என்றே எல்லாரும் சொல்வார்கள். மூன்றாமவர் 'நிபுணர்'. அமைச்சகத்தில் முதன்முதலில் கடவுச்சொல் வைத்துக்கொண்டவர் அவர்தான். அதை முதன்முதலில் மறந்தவரும் அவர்தான். நான்காவது உறுப்பினர் நிலுவை சார்.

மறுநாளே நிலுவை சார் தலைவரிடம் போய் நின்றார். "ஐயா, மனுப் போட்டிருக்கறது என் மக. முறைப்படி நான் இதுல உக்காரக் கூடாது."

தலைவர் நெகிழ்ந்துபோனார். "இதைச் சொல்ற நேர்மை யாருக்கு வரும்? இந்த நேர்மைக்காகவே நீங்க உக்காரணும்."

"இல்லைங்கய்யா, சொந்த மக…"

"நீங்க வெளிய போயிட்டா கோப்புல என்ன இருக்குன்னு எங்களுக்கு யார் சொல்றது? வேணும்னா உங்க மக பேரு வரும்போது கண்ணை மூடிக்கங்க."

ஆகவே நிலுவை சார் கூட்டத்தில் கண்ணை மூடியபடி கலந்துகொண்டார். இது குழுவில் புதிய வழக்கமில்லை என்றாலும், கொள்கைக்காக ஒருவர் அப்படிச் செய்தது அதுவே முதல்முறை.

"எனக்கு ஒரே ஒரு கேள்வி," என்று மீசை தொடங்கினார். "வெளிநாட்டுக்காரனுக்கு நம்ம குழந்தைங்க அழுதா என்ன, சிரிச்சா என்ன? ஏன் காசு போடறான்?"

"தொட்டில் விக்கறதுக்குங்க," என்றார் நிலுவை சார், கண்ணைத் திறக்காமல்.

"தொட்டில்னு சொல்லித்தான் வருவான். அடுத்தது கட்டில். அப்புறம் நம்ம படுக்கையறை. முதலீடுன்னு வர்றது முதலையா முடியும். நான் எல்லையில நின்னவன், எனக்குத் தெரியும்."

"எந்த எல்லைங்க?" என்று நிபுணர் ஆர்வமாகக் கேட்டார்.

"கிடங்குப் பொறுப்புல இருந்தேன். கிடங்கு எல்லையில இருந்துச்சு."

நிபுணர் தொண்டையைச் செருமினார். "தொழில்நுட்ப ரீதியா ஒண்ணு சொல்லணும். இன்னிக்குத் தொட்டில்ல இருக்கறவங்கதான் நாளைக்குப் படையில சேருவாங்க. அவங்க எப்பப் பசியில இருப்பாங்கன்னு எதிரிக்கு இப்பவே தெரிஞ்சா?"

பிஸ்கட் தட்டை நோக்கிப் போன கைகூடத் திரும்பி வந்தது. ஒரு படையே பசியோடு அழும் காட்சி எல்லார் மனக்கண்ணிலும் ஓடியது. நிலுவை சாருக்கு மட்டும் ஓடவில்லை. அவர் மூடிய கண்ணுக்குள் மெத்தைக் கடை மாடி தெரிந்தது. தேசத்தின் உயிர்நாடி அந்தப் பஞ்சுக்குள் இருப்பதாக அவருக்குப் படவில்லை. ஆனால் அதைச் சொன்னால் மகளுக்காகச் சொன்னதாகிவிடும். கண்ணை இன்னும் இறுக மூடிக்கொண்டார்.

நேரில் பார்க்காமல் எதையும் மறுக்கக் கூடாது என்பது தலைவரின் கொள்கை. மறுப்பதற்கு முன் பார்த்துவிட வேண்டும். எனவே அடுத்த கூட்டத்துக்கு மகள் கைப்பேசியோடும் குழந்தையோடும் வந்தாள். பேத்தியை மாநாட்டு மேசைமேல், தண்ணீர்ப் பாட்டில்களுக்கும் பெயர் அட்டைகளுக்கும் நடுவில் உட்காரவைத்தார்கள். பின் குழு குழந்தையைப் பார்த்தது. குழந்தை குழுவைப் பார்த்தது. பார்த்துவிட்டுச் சிரித்தது.

"அழச் சொல்லுங்க," என்றார் தலைவர்.

"சொன்னா அழாதுங்க சார்," என்றாள் மகள்.

"அரசுக் கூட்டம்னு சொன்னீங்களா?"

நாட்டின் பாதுகாப்பு இப்போது குழந்தையின் கையில் இருந்தது. குழந்தையின் கையில் ஏற்கெனவே நிபுணரின் பெயர் அட்டை இருந்தது. அதை வாயில் வைத்து 'நி'யைத் தின்றுவிட்டது. நிபுணர் புருவத்தை நெரித்து முறைத்தார். குழந்தை கைதட்டியது. மீசை தாம் எதற்கும் துணிந்தவர் என்று காட்டும் விதமாக எழுந்து வந்து, பல்லைக் கடித்து, விழியை உருட்டி, எதிரிப் படைக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்த உறுமல் ஒன்றை எடுத்துவிட்டார். குழந்தை இரு கையாலும் மீசையைப் பிடித்துக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்தது. அந்தப் பிடியிலிருந்து பாதுகாப்புத் துறையை மீட்க மகளும் நிபுணரும் சேர்ந்து பாடுபட வேண்டியதாயிற்று.

மூடிய கண்ணை லேசாகத் திறந்து பார்த்த நிலுவை சாருக்குச் சிரிப்புப் பொங்கியது. பேத்தியைத் தூக்கி முத்தமிட வேண்டும்போல இருந்தது. நடுநிலை கெட்டுவிடும் என்று மேசைக்கடியில் கையைக் கட்டிக்கொண்டார்.

"நேரம் வீணாகுது," என்றார் தலைவர். "அது அழறப்ப அழட்டும். நான் தொடக்கவுரைய ஆரம்பிக்கிறேன்." எழுந்து நின்றார். 'வரலாற்றின் நெடும்பாதையில் மனிதகுலம்' என்று தொடங்கினார். மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்து முடிப்பதற்குள் குழந்தையின் உதடு பிதுங்கியது. சக்கரத்தைக் கண்டுபிடித்தபோது வீறிட்டது.

மேசைமேல் இருந்த கைப்பேசி விளக்கு மின்னி, தெளிவான குரலில் சொன்னது: "சலிப்பு."

தலைவர் பேச்சை நிறுத்தினார். குழந்தை அழுகையை நிறுத்தியது. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத் தலைவர், "ஆகவே நாம் அனைவரும்" என்றார். குழந்தை வீறிட்டது. "சலிப்பு," என்றது கைப்பேசி, தயக்கமில்லாமல்.

"இதை நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்களா?" என்று கேட்டார் தலைவர், மிக மெதுவாக.

"இல்ல சார், பசி, தூக்கம், வலி, ஈரம், இதைத்தான் நாங்க குடுத்தோம். மத்தது அதுவா கத்துக்குது. அதுதான் இதோட சிறப்பே," என்றாள் மகள் பெருமையாக. இந்தப் பெருமைதான் அவளைக் கவிழ்த்தது.

குழந்தையையும் தாயையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

"அதுவா கத்துக்குதாம்," என்றார் நிபுணர், முகம் வெளிறி. "இந்தக் கட்டடத்துல இதுவரைக்கும் யாரும் அப்படிப் பண்ணினது கிடையாது."

"தொட்டில்ல இருக்கறப்பவே அரசாங்கத்தைப் பத்தி என்ன நினைக்குதுன்னு கண்டுபிடிச்சிடுது," என்றார் மீசை, மீசையை ஒழுங்கு செய்தபடி. "நாளைக்கு இதை அமைச்சர் பேசற பொதுக்கூட்டத்துல வெச்சா?"

அதுவரை சாதாரணத் தொட்டில் விவகாரமாக இருந்தது, அந்தக் கணம் முதல் தேச ரகசியம் ஆயிற்று. மக்களுக்குச் சலிப்பு என்பது மக்களுக்கே தெரிந்த விஷயம். அந்நியருக்குத் தெரியக் கூடாது. 'கேந்திர முக்கியத்துவம் வாய்ந்த தொழில்நுட்பம். அந்நியர் ஒரு காசும் போட அனுமதியில்லை' என்று தலைவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள்.

"கடைசியா நம்ம பிரிவுத் தலைவர்," என்று நிலுவை சாரைப் பார்த்தார் தலைவர். "நீங்க கண்ணைத் திறக்கலாம். உங்க கருத்து?"

வாழ்க்கையில் முதல்முறையாக நிலுவை சாரிடம் ஒரு முடிவு தயாராக இருந்தது. 'இது தொட்டில் சார், விட்டுடுங்க' என்ற ஒரு வாக்கியம். தொண்டை வரை வந்தது. மூன்று ஜோடிக் கண்கள் அவரையே பார்த்தன. நேர்மையாளர் என்று ஊர் முழுக்கப் பெற்ற பெயர் அந்தக் கண்களில் தெரிந்தது.

"எனக்கு மகளைவிட நாடு பெரிசுங்க," என்றார்.

மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள். மீசை எழுந்து நின்று வணக்கம் வைத்தார். நிலுவை சாரின் நெஞ்சு நிமிர்ந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது, அவர் அதை வாயு என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டில் மகள் கோபப்படவில்லை. "உங்க குழு முடிவு வந்துடுச்சுப்பா," என்றாள். "இவ்வளவு சீக்கிரம் நீங்க எதையும் முடிச்சதில்ல."

"உள்நாட்டுல பணம் குடுக்க ஊக்க நிதின்னு ஒண்ணு வருதும்மா. நாட்டுக்கு முக்கியமான தொழில்நுட்பம்னு எழுதியிருக்கோம், உங்களுக்குத்தான் முதல் உரிமை."

"எப்ப வரும்?"

"அதுக்கு ஒரு குழு போடணும். குழுவுக்குத் தலைவர் யாருங்கறதுக்கு ஒரு குழு போட்டாச்சு."

அன்றிரவு மனைவி அவர் தட்டில் சோற்றை மட்டும் போட்டுவிட்டுக் குழம்பைப் பரிசீலனையில் வைத்துவிட்டாள்.

கணினியின் வாடகை நின்றது. கணினி நின்றது. மெத்தைக் கடை மாடியில் பஞ்சு மட்டும் வந்துபோய்க்கொண்டிருந்தது. அப்போது தொட்டில் கம்பெனியிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. பணம் அங்கே வரக் கூடாதென்றால் பரவாயில்லை, நீங்கள் இங்கே வந்துவிடுங்கள் என்றது. மகள், மாப்பிள்ளை, ஏழெட்டு இளைஞர்கள், எல்லாருக்கும் வேலை, வீடு, விமான டிக்கெட்.

"போறதுக்கு உங்க சட்டத்துல ஏதாவது தடை இருக்காப்பா?" என்று கேட்டாள் மகள். "இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

நிலுவை சார் சட்டத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வாழ்நாளெல்லாம் பிறர் மனுவில் ஓட்டை தேடியவர், இப்போது தாம் கட்டிக்காத்த சட்டத்தில் ஒரு தடையைத் தேடினார். கிடைக்கவில்லை. தலைவர் வீட்டுக்கே ஓடினார்.

"ஐயா, அந்தத் தொழில்நுட்பம் முழுக்க அவங்க தலைக்குள்ளதான் இருக்கு. ஆளுங்க போயிட்டா அதுவும் போயிடும். கேந்திர முக்கியத்துவம்னு நாமதானே எழுதினோம்?"

தலைவர் சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "சட்டம் உள்ள வர்ற பணத்தைப் பத்திப் பேசுது. வெளிய போற தலையப் பத்தி ஒண்ணும் சொல்லலையே. தலை முதலீடு ஆகாது."

"ஒரு திருத்தம் கொண்டுவரலாங்களே?"

"கொண்டுவரலாம். நிலுவையில வைங்க."

தம் வாழ்நாள் மந்திரத்தைப் பிறர் வாயால் கேட்பது எப்படியிருக்கும் என்று நிலுவை சாருக்கு அன்றுதான் தெரிந்தது.

புறப்படும் நாளில் பெட்டிகளை எண்ணியபோது ஒன்று அதிகமாக இருந்தது. அது மனைவியுடையது.

"நீ எங்க கிளம்பிட்ட?"

"ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா பாப்பாவை யாரு பாத்துக்கறது? நீங்க வாங்கன்னா பரிசீலிக்கணும்னு சொல்வீங்க. அதான் கேக்கல. சாம்பார்ப் பொடி மாதிரி எதையும் தேடித் தவிக்க வேண்டாம், எல்லாத்துக்கும் மூடியில பேர் எழுதி வெச்சிருக்கேன்."

விமான நிலையத்தில் காவலர்கள் கடமையில் கண்ணாயிருந்தார்கள். மாப்பிள்ளையின் பெட்டியிலிருந்து நகவெட்டியைக் கைப்பற்றினார்கள். பேத்தியின் பால்புட்டியைத் திறந்து மோந்து பார்த்தார்கள்.

"கொண்டுபோகக் கூடாதது வேற ஏதாவது இருக்கா?" என்று காவலர் கேட்டார்.

மகள் அப்பாவைப் பார்த்தாள்.

"இல்லைங்க," என்றார் நிலுவை சார். மகள் தடுப்பைத் தாண்டிக் கையை நீட்டி அவர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துவிட்டாள். "வேளாவேளைக்குச் சாப்பிடுங்கப்பா," என்றாள். பேத்தி அவர் மூக்குக்கண்ணாடியைப் பறிக்கப் பார்த்துத் தோற்று, சிரித்துக்கொண்டே போனாள்.

பின்னர் நடந்தவையும் நாட்டுக்குப் பெருமை சேர்ப்பவைதான். பேசும் தொட்டில் உலகமெங்கும் விற்றது. சுகாதார அமைச்சகம் அரசு மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் அதை வாங்கியது. இந்நாட்டில் அழும் ஒவ்வொரு குழந்தையின் குரலும் கடல் தாண்டிப் போய், காரணம் தெரிந்துகொண்டு திரும்பி வந்தது. விலை கொஞ்சம் அதிகம். இதைப் பரிசீலிக்கலாமா என்று நிலுவை சார் எழுதிக் கேட்டார். அது முதலீடு அல்ல, கொள்முதல். கொள்முதல் வேறு பிரிவு, வேறு மாடி என்று பதில் வந்தது. தலைவர் தம் பேரனுக்குச் சொந்தக் காசில் ஒன்று வாங்கினார். பேரன் இருக்கும் அறையில் அவர் பேசுவதில்லை என்று கேள்வி.

பிரிவின் ஆண்டு விழாவுக்கு அமைச்சரே வந்தார். சட்டம் வந்தபின் செயற்கை நுண்ணறிவில் ஒரு காசு அந்நியப் பணமும் நாட்டுக்குள் நுழையவில்லை என்று புள்ளிவிவரம் வாசித்தார்கள். நிலுவை சாருக்குப் பொன்னாடை போர்த்திப் பதக்கம் கொடுத்தார்கள். மகளையே மறுத்த மாமனிதர் என்று மீசை பேசினார். நிலுவை சார் பதக்கத்தோடு போட்டோவுக்கு நின்றார். சிரிக்கச் சொன்னபோது அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அமைச்சர் அவர் தோளில் கைபோட்டார். "சந்தோஷம். இனிமே யாரும் உள்ள நுழையப் பாக்க மாட்டாங்க இல்ல?"

"மாட்டாங்கய்யா."

"எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"மனுவே வர்றதில்லைங்கய்யா. பணம் போடறதுக்கு இங்க கம்பெனி ஒண்ணும் இல்ல. எல்லாரும் போயிட்டாங்க."

அமைச்சர் கைதட்டினார். அரங்கமே கைதட்டியது. அவர்கள் தட்டியதில் தவறில்லை. காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லாத அளவுக்கு ஒரு நாட்டைக் காப்பாற்றுவதென்பது எல்லா அரசாங்கத்துக்கும் கைவந்துவிடாது.